கடலடி வெப்பத்தை வைத்து நீரோட்டத்தைப் பின்தொடர்தல்: சோழமண்டலக் கரையில் முதன்முறை லாகர் இறக்குபவர்களுக்கு

சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே எங்கேயாவது கடலடியில் வெப்பநிலை லாகர் (குறித்த இடைவெளியில் வெப்பத்தைத் தானே அளந்து பதிந்துவைக்கும் சின்னக் கருவி) போட்டு, ஓராண்டு கழித்து எடுத்து, நீரோட்டம் எந்த நாளில் திரும்பியது என்று சொல்ல நினைக்கும் மாணவர்களுக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் இந்தக் கட்டுரை. லாகர் வாங்குவது சுலபம். அது தொலையாமல், மண்ணில் புதையாமல், கடிகாரம் பிசகாமல் திரும்பி வருவதுதான் பாடு. வந்த பிறகு, அதில் பதிந்திருப்பது நீரோட்டமா, அலையா, காற்றா என்று பிரித்தறிவது அதைவிடப் பெரிய பாடு. பெரும்பாலோர் பணத்தையெல்லாம் கருவியில் போட்டுவிட்டுக் கயிற்றிலும் காகிதத்திலும் கோட்டை விடுகிறார்கள். அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே இடம் கூடுதல்.

1. லாகர் எதை அளக்கிறது என்று முதலில் தெளிவாகுங்கள்

வெப்பமானி ஓட்டத்தை அளக்காது. நீரடுக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதற்கு ஒரு தடயம் தரும், அவ்வளவுதான். அந்தச் சாய்விலிருந்து ஓட்டத்தை நாம்தான் கணக்கிட வேண்டும்.

இந்தியக் கிழக்குக் கரையோர நீரோட்டம் பிப்ரவரி முதல் மே வரை வடக்கு நோக்கி ஓடும். மார்ச், ஏப்ரலில் உச்சம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கி ஓடும். இடையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒழுங்கு கிடையாது, துண்டு துண்டாகத்தான் இருக்கும். சென்னைப் பக்கத்து மீனவர்கள் வடக்கே போகும் வெள்ளத்தை, அதாவது நீரோட்டத்தை, தெண்டி என்றும், தெற்கே வரும் வெள்ளத்தை வன்னி என்றும் சொல்வார்கள். இந்தக் கட்டுரையிலும் அதே சொற்கள்தான்.

பூமியின் சுழற்சி வட அரைக்கோளத்தில் ஓடும் நீரை வலப்பக்கம் தள்ளும். தெண்டிக்கு வலப்பக்கம் ஆழ்கடல். வெதுவெதுப்பான மேல்நீர் அந்தப் பக்கம் ஒதுங்க, கரைச்சரிவில் குளிர்நீர் மேலேறி நிற்கும். வன்னிக்கு வலப்பக்கம் கரை. மேல்நீர் கரையோரம் குவிந்து, குளிர்நீரைச் சரிவில் கீழே தள்ளும். இதற்கு ஒத்துழைக்கும் இன்னொரு விஷயமும் உண்டு: தரையை உரசி ஓடும் அடிநீர் ஓட்டத்துக்கு இடப்பக்கமாக நழுவும். தெண்டியில் அது சரிவேறிக் கரைப்பக்கம் வரும், வன்னியில் சரிவிறங்கும். ஆக, சரிவில் இருக்கும் லாகர் குளிர்ந்தால் தெண்டி, சூடேறினால் வன்னி என்பது முதல் ஊகம். இது ஊகம் மட்டுமே. இதைப் பொய்யாக்கும் காரணங்கள் 10ஆம் படியில் வருகின்றன.

2. இடமும் ஆழமும்

ஒற்றை லாகர் போடாதீர்கள். ஒன்று சொல்வதைச் சரிபார்க்க ஆளில்லை. கரைக்குச் செங்குத்தாக ஒரு கோடு எடுத்து 15, 30, 60 மீட்டர் ஆழங்களில் மூன்று நிலையங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு லாகர்கள். பணம் குறைவென்றால் 60 மீட்டரை விடுங்கள், இரட்டை லாகரை விடாதீர்கள். 15 மீட்டர் நிலையம் பெரும்பாலும் காற்றையும் வெயிலையும்தான் காட்டும். ஆனால் 30 மீட்டரில் தெரியும் மாற்றம் மேலிருந்து வந்ததா அடியிலிருந்து வந்ததா என்று முடிவு செய்ய அது வேண்டும்.

ஆழத்தை மீனவர் பாகத்தில் சொல்வார்கள். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், சுமார் 1.8 மீட்டர். ‘பதினேழு பாகம்’ என்பதை 17 மீட்டர் என்று எழுதிக்கொண்டவர் 30 மீட்டர் கயிறு இல்லாமல் கடலில் நிற்பார்.

தரை எப்படிப்பட்டது என்று கேட்டு வையுங்கள். சேறு என்றால் லாகரைத் தாங்கும் காங்கிரீட் கட்டை புதையும். மணல் நல்லது. பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டுக்கு) மேலேயே இறக்கினால் தூண்டிலும் வலையும் வந்து சிக்கும். ஆனால் பாரின் விளிம்பை ஒட்டிய மணல் அருமையான இடம். மடி (இழுவை வலையின் பை) கிழியும் என்று இழுவைப் படகுகள் அங்கே வராது. கரையை ஒட்டிய சில கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983 அனுமதிப்பதில்லை. அதற்குள் இருக்கும் நிலையம் ஓரளவு தப்பும். 60 மீட்டர் நிலையத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அங்கே இழப்பு வரும் என்று முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

இடத்தை முடிவு செய்யும்போது ஒப்பிட்டுப் பார்க்க அருகே வேறு அளவீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். கடலூரிலும் கல்பாக்கத்திலும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் உயர் அதிர்வெண் ரேடார்கள் மேல்நீர் ஓட்டத்தை அளக்கின்றன. கடலூருக்கு வெளியே தேசியக் கடலாய்வியல் நிறுவனம் ஒலியால் ஓட்டத்தை அளக்கும் கருவியை நங்கூரமிட்டு வந்திருக்கிறது. இந்த அளவீடுகளுக்கு நடுவே உங்கள் கோடு விழுந்தால் பாதி வேலை மிச்சம். வேறு காரணம் இல்லையென்றால் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட கரையைத் தேர்ந்தெடுங்கள்.

3. காகிதங்கள்

இதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். கருவி வரும் வரை காத்திருக்காமல் முதல் நாளே தொடங்குங்கள்.

முதலில் உங்கள் நிறுவனத் தலைவரின் கையொப்பமிட்ட ஒரு பக்கக் கடிதம் தயார் செய்யுங்கள். அதில் கருவியின் படம், எடை, நிலையங்களின் ஆயத்தொலைவுகள், இறக்கும் மாதம், எடுக்கும் மாதம் எல்லாம் இருக்கட்டும். ‘இந்தக் கருவி ஒலி எழுப்பாது, எதையும் அனுப்பாது, வெப்பத்தை மட்டும் பதியும்’ என்ற வரி கட்டாயம். கடலில் கறுப்பு உருளை ஒன்று கிடக்கிறது என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். அந்த ஒரு வரி பல கேள்விகளைத் தடுக்கும். தமிழில் ஒரு படி, ஆங்கிலத்தில் ஒரு படி.

அதைக் கொண்டுபோக வேண்டிய இடங்கள்: மாவட்ட மீன்வள உதவி இயக்குநர் அலுவலகம், கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையம், அருகே துறைமுகம் இருந்தால் அதன் அதிகாரிகள். துறைமுக எல்லைக்குள்ளும் கப்பல் நங்கூரமிடும் பகுதியிலும் இறக்காமல் இருப்பதே நல்லது. கல்பாக்கம் அணுமின் வளாகத்துக்கு எதிரே எந்தக் காரணத்துக்காகவும் இடம் தேடாதீர்கள். எங்கே கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அந்த நகல் ஒன்று பிளாஸ்டிக் உறையில் படகிலேயே இருக்க வேண்டும்.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் இறக்க நினைத்தால் கதையே வேறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். முதல் முயற்சிக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கூட்டாளி என்றால் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, ஆய்வுத் திட்ட விவரத்தைக் கரையோர நாட்டுக்கு ஆறு மாதம் முன்பே தரச் சொல்கிறது. அதற்குக் குறைவான அவகாசத்தில் திட்டமிட்டால் அந்தப் பருவம் போச்சு.

கடைசியாக, எழுத்தில் இல்லாத அனுமதி: ஊர்ப் பஞ்சாயத்து. எந்த ஊர்க்காரர்கள் அந்த ஆழத்தில் வலை விடுகிறார்களோ அந்த ஊருக்கு நேரில் போய், லாகரைக் கையில் கொடுத்துக் காட்டி, அது எங்கே கிடக்கும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். இதைத் தவிர்த்தவர்களின் லாகர்தான் முதலில் காணாமல் போகும். லாகர் மேலேயே தமிழில் ‘வெப்பமானி, விற்க முடியாது, கொடுத்தால் சன்மானம்’ என்று எழுதி ஒரு தொலைபேசி எண்ணைப் பொறித்து வையுங்கள். மார்க்கர் மை நிற்காது. பித்தளைத் தகட்டில் பொறியுங்கள்.

4. எந்தக் கருவி, எவ்வளவு செலவு

இரண்டு வகை. ஹோபோ புரோ வி2 போன்ற சின்ன லாகர்: துல்லியம் ஏறக்குறைய ±0.2 டிகிரி, 120 மீட்டர் ஆழம் வரை தாங்கும். ஆர்பிஆர் சோலோ, எஸ்பிஇ 56 போன்றவை ±0.002 டிகிரி, ஆயிரம் மீட்டருக்கும் மேல் தாங்கும். விலையும் பல மடங்கு. நம் கரைத்திட்டில் தேடுவது டிகிரிக் கணக்கான மாற்றம் என்பதால் சின்ன லாகரே போதும், 5ஆம் படியை ஒழுங்காகச் செய்தால். நூறில் ஒரு டிகிரி மாற்றம் தேடுவது ஆழ்கடல் தரையில் வேலை செய்பவர்களின் கவலை.

சின்ன லாகர் ஒன்று, சரக்குக் கட்டணமும் வரியும் சேர்ந்து கைக்கு வரும்போது இருபதாயிரம் ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மூன்று நிலையத்துக்கு ஆறு, கரையில் ஒப்பீட்டுக்கு ஒன்று, ஆக ஏழு. அதோடு 30 மீட்டர் நிலையத்துக்காவது அழுத்தத்தைப் பதியும் ஒரு லாகர். தரவை இறக்கும் ஒளிவழி இணைப்பி தனியாக வாங்க வேண்டும். அதை மறந்துவிட்டு, லாகர் வந்தபின் இன்னொரு இறக்குமதிக்கு ஆறு வாரம் காத்திருப்பது அடிக்கடி நடக்கும் கூத்து. லித்தியம் பேட்டரி உள்ளே இருப்பதால் விமானச் சரக்கில் யுஎன் 3091 என்ற வகையில் அறிவிக்க வேண்டும். விற்பவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் பொட்டி சுங்கத்தில் உட்கார்ந்துவிடும்.

படகுக்கு ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்குங்கள். இறக்க ஒரு நாள், எடுக்க இரண்டு நாள், கடல் சரியில்லாமல் திரும்புவதற்கு ஒரு நாள். கட்டை, கயிறு, மாட்டி (இரண்டையும் கோக்கும் உலோக வளையம்) எல்லாம் சேர்ந்து லாகர் விலையில் கால்வாசிகூட வராது. அதனால்தான் எல்லோரும் அதில் கஞ்சத்தனம் செய்து மாட்டிக்கொள்கிறார்கள்.

5. கரையிலேயே சோதனை

±0.2 டிகிரி துல்லியம் என்றால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு லாகர்கள் 0.4 டிகிரி வரை முரண்படலாம் என்று அர்த்தம். எல்லா லாகரையும் ஒரே தண்ணீரில் வைத்து ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று கண்டுபிடித்துவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

மீன் அடைக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்று எடுங்கள். அதில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸும் தண்ணீரும் உப்பில்லாததாக இருக்க வேண்டும். துறைமுக ஐஸ் கம்பெனியில் வாங்கிய ஐஸ் வேண்டாம். லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருந்தாலே உறைநிலை சுமார் 0.1 டிகிரி கீழே போய்விடும். காய்ச்சி வடித்த நீரை உறையவைத்து எடுங்கள். மீன்தொட்டிப் பம்பு ஒன்றைப் போட்டுச் சுற்ற விட்டு, ஒரு நிமிட இடைவெளியில் ஒரு மணி நேரம் பதியுங்கள். கடைசி அரை மணி நேரத்தின் சராசரியை எடுங்கள். இதையே 20 டிகிரியிலும் 28 டிகிரியிலும், அளவுத்திருத்தச் சான்றிதழ் உள்ள ஒரு வெப்பமானியைக் கூடவே வைத்துச் செய்யுங்கள். கடலிலிருந்து எடுத்த பிறகு இதே மூன்றையும் திரும்பச் செய்ய வேண்டும். முன்னும் பின்னும் ஒத்துப்போகாத லாகரை ஓட்டக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பதிவு இடைவெளியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஹோபோ புரோ வி2 சுமார் 42,000 பதிவுகளைத்தான் வைத்துக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால் 291 நாளில் நினைவகம் நிரம்பும். பிப்ரவரி 1-இல் தொடங்கினால் நவம்பர் 19-இல் முடிந்துவிடும், வன்னி வலுத்து ஓடும் நேரத்தில். பதினைந்து நிமிடம் வையுங்கள். 437 நாள் வரும்.

கடிகாரத்தை எல்லா லாகரிலும் உலகப் பொது நேரத்திலேயே வையுங்கள். கணினி தானாக இந்திய நேரத்துக்கு மாற்றிவிடும், கவனம். ஒரு லாகர் இந்திய நேரத்திலும் இன்னொன்று பொது நேரத்திலும் இருந்தால் வித்தியாசம் ஐந்தரை மணி. ஓதம் (கடல் ஏற்றவற்றம்) 12.42 மணி நேரத்துக்கு ஒரு முறை வரும். அதில் பாதி 6.2 மணி. அதாவது ஒன்றில் ஏற்றம் தெரியும்போது மற்றதில் கிட்டத்தட்ட இறக்கம் தெரியும். இரண்டு நிலையங்களும் எதிரெதிராக அசைகின்றன என்று தவறாக எழுத இந்த ஒரு பிழை போதும்.

6. கட்டை, கயிறு, மாட்டி

காங்கிரீட் கட்டை 50 கிலோ. கடல்நீரில் மூழ்கியதும் அதன் எடை 29 கிலோவாகக் குறையும். அதனால் 20 கிலோ கட்டை போதும் என்று நினைக்காதீர்கள். தட்டையாக வாருங்கள், உயரமான கட்டை உருளும். வார்த்த பிறகு மூன்று வாரமாவது நீராற்ற வேண்டும்.

கட்டையின் நடுவே ஒரு மீட்டர் உயரத்துக்கு பிவிசி குழாய் நட்டு, லாகர்களை அதற்குள் தரையிலிருந்து 50 செ.மீ.யிலும் 80 செ.மீ.யிலும் கட்டுங்கள். குழாய் முழுக்கத் துளை போடுங்கள், நீர் உள்ளே புகுந்து வெளிவர வேண்டும். உயரம் ஏன் முக்கியம் என்றால், லாகர் மண்ணுக்குள் புதைந்தாலும் பதிந்துகொண்டேதான் இருக்கும். எட்டு செ.மீ. மண் மூடினால் ஓத அலையின் வெப்ப அசைவு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகச் சுருங்கி, இரண்டு மணி நேரம் தாமதமாகவும் வரும். வரைபடம் அழகாக வழவழவென்று இருக்கும். பார்ப்பவர் ‘அமைதியான கடல்’ என்று நினைப்பார். இரண்டு உயரத்தில் இரண்டு லாகர் வைக்கச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். கீழது மட்டும் திடீரென வழவழப்பானால் அன்றுதான் மண் ஏறியிருக்கிறது.

ஒவ்வொரு லாகரையும் மூன்று கேபிள் டையால் கட்டி, மேலே துருப்பிடிக்காத கம்பியால் ஒரு சுற்று. துருப்பிடிக்காத எஃகு மாட்டியையும் கால்வனைஸ் செய்த இரும்பு மாட்டியையும் நேரடியாக இணைக்காதீர்கள். உப்புநீரில் இரும்பு அரித்து, சில மாதத்தில் கட்டை ஒரு பக்கம் கயிறு ஒரு பக்கமாகும். ஒரே உலோகமாக இருக்கட்டும். கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் சிற்றுயிர்) ஒட்டாமலிருக்கச் செப்புத் தகடு சுற்றுவது உண்டு. சுற்றினால் அது வேறு உலோகத்தைத் தொடக் கூடாது.

மேலே மிதவை வைப்பதா வேண்டாமா? மிதவை இருந்தால் எடுப்பது எளிது, தொலைவதும் எளிது. எங்கள் பரிந்துரை: மிதவை வேண்டாம். கட்டையிலிருந்து 80 மீட்டர் நைலான் கயிறு தரையோடு ஓடி, 10 கிலோ சின்ன நங்கூரத்தில் முடியட்டும். பிபி (பாலிப்ரொப்பிலீன்) கயிறு மிதக்கும், வலையில் சிக்கும். நைலான் தரையிலேயே கிடக்கும். கயிறு வடக்கு தெற்காக, ஆழம் மாறாத கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். எடுக்கும்போது கிழக்கு மேற்காகப் பாதாளக்கரண்டி போட்டு இழுத்தால் கயிறு மாட்டும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் அதே கருவிதான், பெரிய அளவில்.

7. இறக்கும் காலமும் நாளும்

ஜனவரி கடைசி வாரம் முதல் பிப்ரவரி முதல் பாதிக்குள் இறக்குங்கள். தெண்டி தொடங்குவதற்கு முந்தைய நிலை பதிந்திருந்தால்தான் மாற்றம் மாற்றமாகத் தெரியும். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இந்த 61 நாளும் இழுவைப் படகு இல்லாததால் உங்கள் கருவிக்கு நிம்மதி. தடை முடிந்த முதல் வாரம்தான் ஆபத்து. எல்லா விசைப்படகும் ஒரே நேரத்தில் இறங்கும். 60 மீட்டர் நிலையத்தை ஜூன் முதல் வாரத்தில் ஒருமுறை எடுத்துத் தரவை இறக்கிவிட்டுத் திரும்பப் போடுவது புத்திசாலித்தனம். ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் ஆள் கிடைப்பார்கள், ஆனால் 60 மீட்டரிலிருந்து 50 கிலோவைக் கையால் இழுக்க நான்கு பேர் வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலுக்குள் போகும் எண்ணமே வேண்டாம். புயல் காலம்.

இறக்கும் நாளில் குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: லாகர் எண், கட்டை எண், தண்ணீரைத் தொட்ட நேரம், தரையைத் தொட்ட நேரம், எதிரொலிமானி காட்டிய ஆழம், கட்டையின் இடம், கயிற்றின் மறுமுனை நங்கூரத்தின் இடம். பென்சிலால் எழுதுங்கள்.

ஜிபிஎஸ் எண்ணை எழுதும் முறையில் ஒரு பெரிய கண்ணி. மீனவர் கருவியில் பாகையும் நிமிடமும் வரும். உங்கள் கைப்பேசியில் பாகையின் தசமம் வரும். 12.5 பாகை என்பது 12 பாகை 30 நிமிடம். அதை 12 பாகை 50 நிமிடம் என்று படகோட்டியிடம் சொன்னால் 37 கிலோமீட்டர் வடக்கே போய்ப் பாதாளக்கரண்டி போடுவீர்கள். இரண்டு முறையிலும் எழுதி வையுங்கள்.

ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. எல்லோருக்கும் உயிர்காப்பு மேலாடை.

8. மீட்பு

காலை, காற்று எழுவதற்கு முன் வேலையை முடியுங்கள். குறித்த கயிற்றின் நடுப்புள்ளிக்கு மேற்கே நூறு மீட்டர் தள்ளி நின்று, ஆழத்தைப் போல மூன்று மடங்கு கயிறு விட்டு, மிக மெதுவாகக் கிழக்கே போங்கள். வேகமாகப் போனால் கரண்டி தரையை விட்டு எழும்பிவிடும். ஐந்து முறை போய் மாட்டவில்லை என்றால் முப்பது மீட்டர் தள்ளி முயலுங்கள்.

மேலே வந்ததும் லாகரைச் சுரண்டாதீர்கள். முதலில் படம் எடுங்கள்: எவ்வளவு பாசி, எவ்வளவு கொட்டலசு, மண் கறை எந்த உயரம் வரை. குழாயில் உள்ள மண் கறைக்கோடுதான் புதைந்ததா இல்லையா என்பதற்கு நேரடிச் சாட்சி. பிறகு ஒரு வாளிக் கடல்நீரில் போட்டு, நேரத்தைக் குறித்துவிட்டு, கைப்பேசி நேரத்தோடு ஒப்பிடுங்கள். இந்த வகை லாகரின் கடிகாரம் மாதத்துக்கு ஒரு நிமிடம் வரை பிசகலாம். ஓராண்டில் பன்னிரண்டு நிமிடம்.

9. தரவைச் சுத்தம் செய்தல்

மூலக் கோப்பை இரண்டு இடத்தில் நகலெடுத்து, அதில் கையே வைக்காதீர்கள். நகலில் மட்டும் வேலை.

படகின் தளத்தில் வெயிலில் கிடந்த நேரத்தை இரண்டு முனையிலும் வெட்டுங்கள். 5ஆம் படியில் கிடைத்த திருத்தத்தைக் கூட்டுங்கள். பிறகு அப்படியே ஒரு வாரத்தை மட்டும் வரைந்து பாருங்கள். ரம்பப் பல் மாதிரி பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் அது உள் ஓதம்; குளிர்நீர் அடுக்கு சரிவில் ஏறி இறங்குகிறது. சில நாளில் இந்த ஒரு அசைவே ஒரு பருவ மாற்றம் அளவுக்குப் பெரியதாக இருக்கும். அதனால்தான் தினமும் காலை ஒருமுறை மட்டும் வெப்பத்தை எடுத்து ஓட்டத்தைச் சொல்ல முடியாது.

இந்த அசைவுகளை நீக்கச் சராசரி எடுக்க வேண்டும். எத்தனை நாளுக்கு? ஒரு நாள் போதாது. பூமிச்சுழற்சியால் வரும் சுழல் அலைவின் காலம் சென்னை அகலாங்கில் (அட்சரேகையில்) சுமார் 53 மணி. அதையும் மீற வேண்டும் என்பதால் ஐந்து நாள் நகரும் சராசரி எடுங்கள். வட ஐரோப்பியக் கடல்களுக்கான பாடநூல்களைப் பார்த்து 25 மணி வடிகட்டி போடுவது இங்கே செல்லாது. அங்கே அந்தக் காலம் பதினாறு மணிக்கும் குறைவு.

ஓராண்டுத் தரவுக்கு நேர்கோடு போட்டு ‘கடல் சூடாகிறது’ என்று எழுதாதீர்கள். பருவ ஏற்ற இறக்கத்தின் ஒரு சுற்றுதான் உங்களிடம் இருக்கிறது.

10. வெப்பத்தை ஓட்டமாக மாற்றுதலும் ஏமாறும் இடங்களும்

ஏதாவது ஒரு வெப்பநிலையை, உதாரணமாக 25 டிகிரியை, எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த எல்லை சரிவில் எந்த ஆழத்தில் தரையைத் தொடுகிறது என்பதை மூன்று நிலையங்களின் ஐந்து நாள் சராசரியிலிருந்து இடைக்கணிப்பால் எடுங்கள். வெளியே ஆழ்கடலில் அதே வெப்பநிலை எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை ஆர்கோ மிதவைகளின் (தானே மூழ்கி எழுந்து ஆழக்கடலை அளக்கும் கருவிகளின்) பதிவிலிருந்து எடுங்கள். இலவசமாகக் கிடைக்கும், ஒரு மிதவை பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வரும். இரண்டு ஆழத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தூரத்தால் வகுத்தால் சாய்வு.

ஒரு கணக்கு: எல்லை 40 கிலோமீட்டர் தூரத்தில் கரைப்பக்கம் 20 மீட்டர் உயர்ந்திருக்கிறது என்று வையுங்கள். சாய்வு 0.0005. மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் அடர்த்தி வித்தியாசம் கனமீட்டருக்கு 3 கிலோ என்றால், புவியீர்ப்பு 9.8-ஐ 3-ஆல் பெருக்கி 1023-ஆல் வகுக்க 0.0287. அதைச் சாய்வால் பெருக்கி, 13 பாகை அகலாங்கின் சுழற்சி மதிப்பான 0.0000328-ஆல் வகுத்தால் வினாடிக்கு 0.44 மீட்டர். கீழ் அடுக்கைவிட மேல் அடுக்கு இவ்வளவு வேகமாக வடக்கே ஓடுகிறது. கீழ் அடுக்கு எவ்வளவு ஓடுகிறது என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. அதனால் வரும் எண்ணை ரேடாரின் மேல்நீர் ஓட்டத்தோடும் செயற்கைக்கோள் கடல்மட்டத்திலிருந்து வரும் ஓட்டத்தோடும் ஒப்பிட்ட பிறகே வெளியே சொல்லுங்கள்.

ஏமாற்றும் காரணங்களில் முதல் இடம் உப்புக்கு. வங்கக் கடலில் அடர்த்தியை வெப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நம் கடலின் வெப்பநிலையில் ஒரு டிகிரி சூடேறினால் அடர்த்தி கனமீட்டருக்கு 0.3 கிலோ அளவில் குறையும். ஆயிரத்துக்கு ஒரு பங்கு உப்பு குறைந்தால் 0.75 கிலோ குறையும். அதாவது ஒரு பங்கு உப்புக் குறைவு இரண்டேகால், இரண்டரை டிகிரி சூட்டுக்குச் சமம். அக்டோபருக்குப் பிறகு வன்னி வடக்கிலிருந்து ஆற்றுநீர் கலந்த உப்புக் குறைந்த நீரைக் கொண்டுவரும். அப்போது மேல்நீர் அடிநீரைவிடக் குளிர்ந்தும் மிதந்தும் இருக்கலாம். மேலே சொன்ன கணக்கு தெண்டி காலத்துக்கு ஓரளவு பொருந்தும். வன்னி காலத்தில் உப்பு அளவீடு இல்லாமல் எண் எழுதாதீர்கள், திசையைச் சொல்வதோடு நிறுத்துங்கள். முடிந்தால் இறக்கும்போதும் எடுக்கும்போதும் உப்பும் வெப்பமும் ஆழமும் சேர்த்து அளக்கும் கருவியை ஒருமுறை தரை வரை இறக்கி எடுங்கள்.

இரண்டாவது, காற்று. மே முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குக் காற்று கரையை ஒட்டி அடிக்கும்போது ஓட்டம் மாறாமலேயே அடிநீர் மேலேறும். 15 மீட்டர் லாகரும் 30 மீட்டர் லாகரும் காற்று எழுந்த ஓரிரு நாளில் சேர்ந்து குளிர்ந்து, காற்று ஓய்ந்ததும் மீண்டால் அது காற்றின் வேலை. 60 மீட்டரில் வாரக்கணக்கில் நீடிப்பதுதான் ஓட்டம்.

மூன்றாவது, கட்டை நகர்வது. வெப்பம் சட்டெனச் சரியும் அடுக்கில் மீட்டருக்கு 0.1 டிகிரி குறைவது சாதாரணம். வலை இழுத்துக் கட்டை 5 மீட்டர் ஆழம் கூடிய இடத்துக்குப் போனால் அரை டிகிரி ‘குளிர்ச்சி’ ஒரே நிமிடத்தில் வரும், திரும்பாது. அழுத்த லாகர் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அழுத்தத்தில் படி விழுந்த நாளோடு அந்தத் தொடரை வெட்டிவிடுங்கள்.

நான்காவது சுவாரசியமானது: தொலைவிலிருந்து வரும் அலை. வடக்கே எங்கோ அடித்த காற்று எழுப்பிய கரையோர அலை, கரையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கிழக்குக் கரை நெடுகத் தெற்கே வரும். உள்ளூரில் காற்றே இல்லாதபோது அடிவெப்பம் மாறுவதற்கு இது ஒரு காரணம். இதைப் பிரித்தறிய இரண்டாவது கோடு வேண்டும். சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் நேர்தூரம் சுமார் 250 கிலோமீட்டர். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் அலை அதை ஒன்றரை நாளில் கடக்கும். வினாடிக்கு அரை மீட்டர் வேக வன்னி சுமந்துவரும் நீருக்கு ஏறக்குறைய ஆறு நாள் ஆகும். ஐந்து நாள் சராசரியில் இந்த வித்தியாசம் மறைந்துபோகும். இதற்கு மட்டும் ஓதத்தை நீக்கிய ஒன்றரை நாள் சராசரியைப் பயன்படுத்துங்கள்.

11. இரண்டாம் ஆண்டு

அதே இடம், அதே ஆழம், அதே உயரம். புதிய லாகரை இறக்கிப் பத்து நாள் இரண்டும் அருகருகே ஓடிய பிறகே பழையதை எடுங்கள். ஒரு படகு நாள் கூடுதல் செலவு, ஆனால் தொடரில் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. பஞ்சாயத்துக்கு முதலாண்டு வரைபடத்தின் பெரிய அச்சு ஒன்றைக் கொண்டுபோங்கள். தெண்டி பிறந்ததாக அவர்கள் சொல்லும் நாளையும் உங்கள் கோடு விழும் நாளையும் அங்கேயே பக்கத்தில் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.